றோசாக்காவின் மூன்று நிமிடம்

எனக்கு ஒரு கால்தான் இருக்கிறது என்பதை உலகம் ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டது சென்ற மாசி மாதத்தில்தான். அதுவரை அது ஒரு குறையாகவும், மொன்றியல் லாசாலில் நான் பெட்டிகளை ஸ்கான் பண்ணும் பண்டகசாலையில் ஒரு சிறு பகிடியாகவும் மட்டுமே இருந்துவந்தது.

கடிதம் அனுப்பியவர்கள் 'எவரையும் விட்டுவிடாத சமாதானத்துக்கான உலக மன்றம்'. போர் ஓய்ந்த நாடுகளில் சமாதானம் பேசும்போது மாற்றுத்திறனாளிகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று இவர்கள் பதினான்கு வருடங்களாக ஆராய்கிறார்கள். நல்ல கடற்கரைகள் உள்ள பல நகரங்களில் ஆராய்ந்துவிட்டு இந்த வருடம் மொன்றியலுக்கு வந்திருந்தார்கள். புதுமையாக ஏதாவது செய்வோம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளையும் கூப்பிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தார்கள்.

நான் கடிதத்தைக் கிழிக்கத்தான் இருந்தேன். கீழ்வீட்டு றோசாக்கா விடவில்லை.

"ராசன், அதில எங்களைக் கதைக்க விடுவினமோ?"

"ஒரு ஆளுக்கு மூண்டு நிமிசம் எண்டு போட்டிருக்கு அக்கா."

"எனக்கு ஒரு நிமிசம் காணும். மிச்சம் ரெண்டையும் நீ வைச்சிரு."

அக்காவுக்கு வேண்டியது என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்றத்தில் கடைசிவரை ஒருவருக்கும் அது விளங்கவில்லை, உங்களுக்காவது விளங்கட்டும்.

போரின் கடைசிக் கிழமையில், கடற்கரையில் விழுந்து வெடித்த ஒரு செல் அக்காவின் புருசனை இரண்டு துண்டாக்கிவிட்டு, அக்காவின் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. மகன் ஜெனாட்டுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் தாயின் கையைப் பிடித்து இரண்டு நாள் நடத்திக் கொண்டுவந்தான். "இதில கால் வையாதேங்கோ அம்மா, ஆக்கள் கிடக்கினம்" என்று சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்தான். பஸ் ஏற்றும் இடத்தில் ஒரு சீருடைக்காரர் பிள்ளையின் கையைத் தாயின் கையிலிருந்து கழற்றினார். "அம்மா, பயம் வேண்டாம். பிள்ளை நாங்க பாக்கிறது. நீங்க அடுத்த பஸ்" என்றார். அடுத்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போனது. முதல் பஸ் எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது.

எங்கள் நாட்டில் ஒரு விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். அக்காவின் மனுவை அது மூன்று தடவை திருப்பி அனுப்பியது. பிள்ளையைக் கொண்டுபோனவரைக் கண்ணால் கண்டவர்களின் சாட்சியைத்தான் எடுப்பார்களாம். அக்கா கண்டவர் அல்லர், கேட்டவர். ஆக, கண்ணைப் பறித்தவர்களே கண் இல்லாத சாட்சி செல்லாது என்று விதியும் எழுதிக்கொண்டார்கள். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மொன்றியல் மன்றத்தின் பிரகடனம் அந்த ஆணைக்குழுவுக்குப் போகும், ஆணைக்குழு அதன்படி விதிகளைத் திருத்தும் என்று எழுதி ஒப்பமாகியிருந்தது. மேடையில் ஒலிவாங்கியில் பேசப்பட்டது மட்டும் பிரகடனத்தில் சேரும். பேசப்படாதது சேராது. அக்கா பேச வேண்டியது ஒரே ஒரு வசனம்: கண் தெரியாதவர் காதால் கேட்டதையும் சாட்சியாக எடுக்க வேண்டும்.

மாநாட்டுக்கு முந்திய இரண்டு கிழமையும் அதையே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினார். கடைசி நாள் எங்கள் கட்டட மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்களுக்கெல்லாம் அது பாடம்.

*

மாநாட்டு ஹோட்டலின் வாசலில் குளிர் மைனஸ் இருபத்தாறு. உள்ளே பதிவு மேசையில் கஜந்தினி இருந்தாள். கர்க்லாண்ட் புறநகரில் வளர்ந்த பிள்ளை. மன்றத்தின் 'உள்ளடக்கல் அதிகாரி'.

"போன்ஜூர் அங்கிள், போன்ஜூர் ஆன்ட்டி. டிசெபிலிட்டி சேர்ட்டிஃபிகேட் கொண்டந்தீங்களா?"

நான் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திக் காட்டினேன்.

"அது ப்ரூஃப் இல்ல அங்கிள். அது கால்."

"அது காலில்லை பிள்ளை. அதுதான் ப்ரூஃப்."

அவள் பெருமூச்சு விட்டு ஒரு படிவம் தந்தாள். முப்பத்திரண்டு கேள்விகள். பத்தொன்பதாவது: 'உங்கள் அவயவம் அகற்றப்பட்டபோது கிடைத்த சேவையில் உங்கள் திருப்தி எவ்வளவு?'

என்னைப் பள்ளிக்கூட மேசை ஒன்றில் கிடத்தினார்கள். மயக்கமருந்து முடிந்து மூன்று நாள். ஒருவர் என் வாயில் சாரத்துணியைத் திணித்தார், இரண்டு பேர் நெஞ்சிலும் தொடையிலும் ஏறி இருந்தார்கள். வாள் எலும்பின் பாதிக்கு வந்தபோது வெளியே செல் விழுந்தது. நெஞ்சில் இருந்தவர் தலையில்லாமல் என்மேல் சரிந்தார். டொக்டர் அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு மிச்சப் பாதியையும் அரிந்து முடித்தார். நல்ல மனிதர். பேந்து அவரும் செல்லிலேயே போனார். 'ஓரளவு திருப்தி' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன்.

அக்காவின் படிவத்தின் அடியில், 'மேற்கூறியவற்றை நானே வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று ஒப்பமிட வேண்டியிருந்தது.

"நீ வாசி பிள்ளை, நான் கேக்கிறன்," என்றார் அக்கா.

"ஐயோ ஆன்ட்டி, நான் வாசிச்சா அது நீங்க வாசிச்சதா வராது. இன்டிபென்டென்ஸ் முக்கியம். ப்ளீஸ், ஒரு அஞ்சு நிமிசம் பேப்பரைப் பிடிச்சிருங்கோ. போதும்."

அக்கா தாளை முகத்துக்கு நேரே ஐந்து நிமிடம் பிடித்திருந்தார். பிறகு கீழே வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கினம்," என்றார்.

*

மண்டபத்தில் முந்நூறு பேர். மேடைக்கு எட்டுப் படிகள். பக்கத்தில், சக்கரநாற்காலிகள் ஏறுவதற்கேற்ற மிக வடிவான சாய்தளம் ஒன்று கண்ணாடியில் செய்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வெல்வெட் கயிறு. அது ஒரு சிற்பம், பெயர் 'எல்லோருக்குமான பாதை', தயவுசெய்து ஏற வேண்டாம் என்று பலகை சொன்னது.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் சக்கரநாற்காலியில் இருந்தார். கண்ணிவெடியில் இடுப்புக்குக் கீழே இழந்தவர். அவரை நான்கு தொண்டர்கள் நாற்காலியோடு படியில் தூக்கினார்கள். ஐந்தாம் படியில் ஒரு தொண்டர், படமெடுப்பவருக்குக் கையசைத்தார். நாற்காலி கவிழ்ந்து அந்த மனிதர் தலைகீழாக ஐந்தாம் படியிலிருந்து முதலாம் படிவரை எல்லாப் படிகளையும் சந்தித்தார். காறை எலும்பு முறிந்த சத்தம் ஒலிவாங்கி இல்லாமலே கேட்டது. அம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'வரலாற்றில் முதற்தடவையாக ஒரு மாற்றுத்திறனாளி மேடைக்குச் செல்லும் படிகளில் காணப்பட்டார்' என்று அறிக்கையாளர் குறித்துக்கொண்டார்.

எங்களுக்குக் காதில் மாட்டும் கருவி தந்திருந்தார்கள். யார் என்ன மொழியில் பேசினாலும் அதில் தமிழ் கேட்கும். பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து மொழிபெயர்த்தவர் முத்துசாமி என்ற தமிழ்நாட்டுக்காரர். சுத்தமான மேடைத் தமிழ். தலைவர், தூதுவர், நன்றியுரை சொன்ன பெண், இருமியவர் எல்லோரும் ஒரே குரலில் வந்தார்கள்.

"ராசன், இஞ்ச ஒரே ஒரு ஆள்தான் வந்து கதைச்சுக்கொண்டிருக்கிறார் போல கிடக்கு," என்றார் அக்கா.

தலைவர் எழுந்தார். உயரமான மனிதர், வெள்ளித் தலைமயிர், துயரத்தைச் சரியான அளவில் முகத்தில் வைத்திருந்தார். முத்துசாமியின் குரலில் அவர் சொன்னார்: "பெருமக்களே! பல்லாண்டுகளாக நாம் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசினோம். அவர்கள் இல்லாதபோது பேச்சு எவ்வளவு சுமுகமாக நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் இன்று நாம் துணிந்துவிட்டோம். சமாதான மேசையில் அவர்களுக்கென ஒரு நாற்காலி! ஒன்று! இதற்காக நாம் ஒரு பொருளாதார நிபுணரை இழக்க வேண்டியிருந்தது."

கைதட்டல். அந்த நாற்காலியில் இருந்து பேசவேண்டியவர்களின் பட்டியலில் அக்காவின் பெயர் மூன்றாவது. பன்னிரண்டு மணி முதல் பன்னிரண்டு மூன்று வரை.

அதற்கு முன்னால் பதினொன்றரைக்கு 'அனுபவப் பட்டறை' இருந்தது.

*

பட்டறையின் நோக்கம், பிரதிநிதிகள் எங்களை உள்ளிருந்து உணர்வது. தொண்டர்கள் கறுப்புத் துணிகளும் கயிறுகளும் கொண்டு வந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணைக் கட்டினார்கள். மிச்சப் பாதிக்கு ஒரு காலை மடக்கித் தொடையோடு சேர்த்துக் கட்டினார்கள். தலைவர் முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்பதால் இரண்டையும் கட்டிக்கொண்டு மேடை விளிம்பில் நின்றார்.

"கஜந்தினி," என்றேன், "எங்களை என்ன செய்யப் போறியள்?"

"நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல அங்கிள். நீங்க ரிசோர்ஸ் பேர்சன்ஸ்."

விளக்குகள் அணைந்தன. பிறகு சுவர்களில் இருந்த பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து செல் விழுந்தது.

எனக்கு என்ன நடந்ததென்று சொல்ல வெட்கம்தான். நாற்பத்தாறு வயதில், கோட் சூட்டோடு, நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. வாயில் துணியின் ருசி. என் தலையின்மேல் றோசாக்கா குப்புறக் கிடந்து இரண்டு கையாலும் என் பிடரியைப் பொத்திக்கொண்டிருந்தார். மேலே முந்நூறு பேர் இருட்டில் ஓடத் தொடங்கினார்கள். ஒற்றைக்காலில் ஓடியவர்கள் குருடர்களின்மேல் விழுந்தார்கள். குருடர்கள் அவர்களை மிதித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். எங்கள் மேசை கவிழ்ந்தது. யாருடையதோ குதி, அக்காவின் காதுக்கருவியை நொறுக்கிக்கொண்டு போனது. ஒரு தூதுவரின் பல் என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒருவர் இன்னொருவரின் முகத்தில் முழங்கையால் அடித்துக்கொண்டே "நான் அமைதிப் பிரிவு, என்னை முதலில் விடு" என்று கத்தினார். வெளிக்கூடத்தில் ஏதோ பெரிய இரும்பு சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. நடுவில் கண்ணாடிச் சாய்தளத்தில் யாரோ ஏறிவிட்டார்கள். அது உடைந்து கால்களுக்குள்ளே பாய்ந்தது. கம்பளத்தில் இரத்தம் வழுவழுத்தது.

அக்காதான் முதலில் தலையைத் தூக்கினார். கொஞ்சநேரம் கேட்டார்.

"எழும்பு ராசன். இது கள்ளச் செல்."

"என்னண்டு தெரியும்?"

"குத்துற சத்தம் இல்லை. விழுற சத்தம் மட்டும் வருது. குத்தாமல் எப்பிடி விழும்? அதோட, ஒரே செல்தான் திரும்பத் திரும்ப விழுது. நாலாவதும் எட்டாவதும் ஒண்டு."

போர்க்காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். தூரத்தில் செல்லை ஏவும்போது வரும் குத்தும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். எண்ணிக்கைக்குள் பங்கருக்குள் போனவன் உயிரோடிருந்தான். அக்காவின் காது எண்ணிப் பிழைத்த காது.

விளக்குப் போட்டபோது மண்டபம் எனக்குப் பழக்கமான ஒரு இடம்போல் இருந்தது. முனகல்கள். கிழிந்த துணியால் கட்டுப்போடும் ஆட்கள். தலைவர் மேடையிலிருந்து கீழே விழுந்து கிடந்தார். கணுக்கால் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தோலுக்கு வெளியே வெள்ளையாக எலும்பு. நான் ஊர்ந்துபோய் என் கழுத்துப்பட்டியால் அவர் காலை இறுக்கிக் கட்டினேன். எனக்கு இது தெரிந்த வேலை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த ஒலிவாங்கியில் ஏதோ சொன்னார். முத்துசாமி கூண்டுக்குள்ளிருந்து, குரல் நடுங்க, கடமை தவறாமல் மொழிபெயர்த்தார்: "அற்புதமான பட்டறை."

*

முதலுதவிக்காரர்கள் அவரை ஒரு சக்கரநாற்காலியில் வைத்துக் காலில் கட்டை கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக அவர் மறுத்துவிட்டார். நாற்காலியை எட்டுப் பேர் மேடைக்குத் தூக்கினார்கள். இம்முறை ஒருவரும் படத்துக்குக் கையசைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சமாதான மேசையில் எங்களுக்கென ஒதுக்கிய இடத்தில் தலைவர் இருந்தார்.

"பெருமக்களே," என்றது முத்துசாமியின் குரல். "இருபத்தைந்து நிமிடங்களாக நான் ஒரு மாற்றுத்திறனாளி. இச்சமூகத்தின் வலியை நான் அறிவேன். இனி எங்களுக்காக எவரும் பேசத் தேவையில்லை. நாங்களே பேசுவோம்!"

எழுந்து நிற்கக்கூடியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஐம்பது நிமிடம் பேசினார். கஜந்தினி குனிந்தபடி எங்கள் மேசைக்கு வந்தாள். கன்னத்தில் கண்ணாடி கீறியிருந்தது.

"ஆன்ட்டி, சொறி. அந்த சீட் ஃபில் ஆகிட்டுது. பட்டியலை மூடிட்டினம்."

"என்ர மூண்டு நிமிசம்?"

"அவர் அதையும் சேர்த்து எடுத்திட்டார்."

"பிள்ளை, நான் ஒரே ஒரு வசனம் சொல்லோணும். என்ர மகன்ர விசயம்."

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி." அவள் கண் கலங்கியது என்பதை நான் எழுதத்தான் வேண்டும். "ரெப்ரசென்டேசன் முடிஞ்சுது எண்டு மினிட்ஸில போட்டாச்சு. நான் என்ன செய்யட்டும்?"

அடுத்ததாக எங்கள் நாட்டிலிருந்து வந்த பிரதிநிதியை அழைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி, இப்போது 'நல்லிணக்க ஆலோசகர்'. அறுபது வயதிருக்கும். மென்மையான முகம். பட்டறை நேரம் அவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. தமிழர்களும் இருப்பதைக் கேள்விப்பட்டு, மரியாதைக்காக, பேச்சைத் தமிழில் தொடங்கினார். தமிழுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று முத்துசாமி வாயை மூடிக்கொண்டார்.

"வணக்கம். அம்மாமார், ஐயாமார், பயம் வேண்டாம். இனி எல்லாம் நாங்க பாக்கிறது."

என் மணிக்கட்டில் அக்காவின் நகங்கள் இறங்கின. அவர் காதில் கருவி இல்லை. அது நொறுங்கிக் கம்பளத்தில் கிடந்தது. அன்றைக்கு மேடையிலிருந்து, முத்துசாமியின் வாய்வழியாக வராமல், அக்கா கேட்ட முதல் தமிழ்க் குரல் அது.

"ராசன். இவன்தான்."

"அக்கா, ஆறுதலாய்…"

"இவன்தான்ரா! பிள்ளையைக் கழட்டினவன் இவன்தான்!"

அக்கா எழுந்தார். ஒலிவாங்கி இல்லாமலே அந்த மண்டபம் முழுவதும் கேட்டது. "ஜெனாட் எங்க? என்ர பிள்ளை எங்க?" என்றபடி கையை நீட்டிக் குரல் வந்த திசையைக் காட்டினார்.

குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்திருந்தது. அக்காவின் விரல், மேடைக்கு எதிர்ப்பக்கச் சுவரில் தொங்கிய கறுப்புப் பெட்டியைக் காட்டியது.

முந்நூறு தலைகளும் பெட்டியைப் பார்த்தன. பிறகு ஒருவர் மெதுவாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல, இரக்கமுள்ள சிரிப்பு. அது மேசைக்கு மேசை பரவியது.

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மையார் ஒலிபெருக்கியை அடையாளம் காட்டியுள்ளார். அது இந்த விடுதிக்குச் சொந்தமானது. போரில் பங்குபற்றியதாகப் பதிவில்லை."

நான் வாழ்க்கையில் முதற்தடவையாகப் பகிடி விடாமல் பேசினேன். மைக்கை நிறுத்துங்கள், என்றேன். ஐந்து பேரை வரிசையாக நிறுத்துங்கள், அவரையும் நடுவில் விடுங்கள். ஒவ்வொருவரும் 'பயம் வேண்டாம், நாங்க பாக்கிறது' என்ற அந்த ஒரு வசனத்தை வெறும் வாயால் சொல்லட்டும். அக்கா பிழையான ஆளைக் காட்டினால் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறோம். இரண்டு நிமிட வேலை.

ஆலோசகர் வாயைத் திறந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அதன்பிறகு அவர் பேசவில்லை. எழுதிக்கொண்டு வந்த பதினெட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஒருவரைப் பேசும்படி வற்புறுத்துவது வன்முறை," என்றார் தலைவர். "இந்த மன்றத்தில் வன்முறைக்கு இடமில்லை." அவருக்குப் பின்னால் ஆறாவது ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது. "எங்கள் நண்பர் மௌனத்தைத் தேர்ந்துள்ளார். மௌனிகளையும் நாம் உள்ளடக்க வேண்டும்."

நான் மேடைப் படியில் கால் வைத்தேன். காவலர் இருவர் வந்தார்கள். ஒருவர் கழுத்தைப் பிடித்தார். மற்றவர் காலைப் பிடித்து இழுத்தார். பிழையான காலைப் பிடித்துவிட்டார் பாவம். அது கழன்று, சப்பாத்தோடும் காலுறையோடும், அவர் கையில் வந்தது. அந்த இளைஞர் அலறிய அலறலை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். அவர் காலைத் தூக்கி எறிய, அது ஒரு பேராசிரியரின் நெற்றியைப் பிளந்தது. நான் விழும்போது மேசைவிரிப்பைப் பற்றினேன். தண்ணீர்க் குவளைகள் எல்லாம் என்மேல் வந்தன. படியின் விளிம்பு என் மூக்கை உடைத்தது. பேராசிரியரின் நெற்றியைக் காரணங்காட்டி என் காலை ஆயுதம் என்று பதிந்து கைப்பற்றினார்கள். என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வெளிக்கூடத்தில் போட்டார்கள். அக்காவை யாரும் தூக்கவில்லை. அவர் என் முனகலைக் கேட்டுக் கேட்டுப் பின்னால் வந்தார்.

*

வெளிக்கூடத்தில் கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தின் அருகே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கால் வரும்வரை நான் எங்கும் போக ஏலாது. அக்கா தன் சால்வையால் என் மூக்கைப் பொத்திப் பிடித்திருந்தார்.

முத்துசாமி வந்தார். கூண்டை விட்டு நடுவில் இறங்கி வந்திருக்கிறார். அக்காவுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார்.

"அம்மா, காலைலேர்ந்து எல்லாரோட குரலையும் நான் மூடி வெச்சுட்டேன். பொழப்பு அப்படி. மன்னிச்சுக்குங்கம்மா."

"நீர் என்னய்யா செய்வீர்? உம்மட தமிழ் வடிவு," என்றார் அக்கா.

மாநாடு மதிய இடைவேளைக்குக் கலைந்தது. கட்டுப்போட்ட தலைகள் கோட்டு எடுக்க வரிசையில் வந்தன. அப்போதுதான் விளங்கியது, பட்டறை நேரம் கேட்ட இரும்புச் சத்தம் எதுவென்று. ஓடிய கூட்டம் கோட்டுத் தாங்கிகளை எல்லாம் சாய்த்திருந்தது. இலக்கச் சீட்டுகள் கழன்று கொட்டிக் கிடந்தன. அந்த இடத்தில் வேலைசெய்த பெண் குவியலின் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டாள்: "உங்கள் கோட்டு எப்படி இருக்கும்?"

மொன்றியலில் மாசி மாதம் எல்லோருடைய கோட்டும் கறுப்பு. ஆகவே ஆட்கள் பேச வேண்டியிருந்தது. உள்ளே சிவப்புத் துணி, பையில் ஒரு கையுறை, இரண்டாம் பொத்தான் இல்லை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு குரலும் ஒலிபெருக்கி இல்லாமல், ஆறடி தூரத்தில், நின்ற இடத்திலிருந்தே வந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை லேசாக ஆட்டினார். இவனில்லை. இவனுமில்லை.

ஆலோசகர் வரிசையின் முன்னுக்கு வந்தார். அப்போதுதான் வாங்கில் இருந்த அக்காவைக் கண்டார்.

"போன்ஜூர், மொன்சியே. உங்கள் கோட்டு எப்படி இருக்கும்?"

அவர் விரலால் குவியலைக் காட்டினார். பெண் ஒன்றை எடுத்தாள். இல்லை என்று தலையாட்டினார். இன்னொன்று. இல்லை. ஐந்து கோட்டு. ஒன்பது.

"மொன்சியே, ஏதாவது சொல்லுங்களேன்."

முத்துசாமி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். ஆங்கிலத்தில், மிகப் பணிவாகக் கேட்டார்: "ஐயா, எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்."

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். என் மூக்கிலிருந்து இரத்தம் தரையில் சொட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

ஆலோசகர் திரும்பினார். சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு, மெல்லிய சூட் உடையோடு, மைனஸ் இருபத்தாறுக்குள் இறங்கிப் போனார்.

"என்ன நடந்தது?" என்றார் அக்கா.

"போறான் அக்கா. கோட்டை விட்டிட்டுப் போறான்."

"கதைச்சவனோ?"

"இல்லை."

"கோட்டில்லாமலோ போறான்?"

"ஓம். கையைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு போறான். டாக்சி ஒண்டும் நிக்கேல்லை."

வரிசை கரைந்தது, எங்கள் கோட்டுகளும் கைக்கு வந்தன. கடைசியில் அந்தப் பெண்ணின் கையில் ஒரு கோட்டு மிஞ்சியது. கறுப்பு. அக்கா அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கவனமா வையும் பிள்ளை. அவன் இதுக்கு வருவான்."

நாலரைக்குக் கஜந்தினி என் காலைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தாள். விடுவிப்புப் படிவம் மூன்று பிரதி. பிரகடனம் ஏகமனதாக நிறைவேறியது என்றாள். உள்ளே அந்த வசனம் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் காலை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"வாங்கோ அக்கா. போவம்."

"நீ போ ராசன். நான் இருக்கிறன்."

"ஆன்ட்டி, அஞ்சு மணிக்கு இந்தப் பக்கம் பூட்டிடுவினம்," என்றாள் கஜந்தினி.

அக்கா தன் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றி வைத்தார், காது வெளியே தெரியும்படி.

"பூட்டட்டும் பிள்ளை. நான் வெளியில நிக்கிறன்," என்றார். "என்னட்டக் கோட் இருக்குத்தானே."